உறக்கத்தை அடகு வைக்கலாமா?

பள்ளிபாளையத்தில் நள்ளிரவிலும் ஊர் முழுமையாக உறங்குவதில்லை. ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து இக்கரையில் இறங்கியதுமே விசைத்தறிகளின் ஓசை நம்மை எதிர்கொள்கிறது. அந்த ஓசை இவ்வூர் மக்களின் உறக்கத்தைக் கெடுப்பதில்லை. அது திடீரென்று நின்றால்தான் திடுக்கிட்டு எழுகிறார்கள். ஓசை நின்றால் கூலி நின்றது என்பது அவர்களுக்குத் தெரியும். நாட்டு மக்கள் உடுத்தும் வேட்டியும் துண்டும் லுங்கியும் இந்த இரவு உழைப்பிலிருந்தே பிறக்கின்றன. பாவில் அறுந்த இழையைப் பிணைத்தும், தீர்ந்த தாரை மாற்றியும், பல தறிகளுக்கு நடுவே விடியுமட்டும் நின்றும் நடந்தும் ஒருவர் வேலை செய்கிறார். அவருக்கு அந்த விழிப்பு எங்கிருந்து வருகிறது? அதற்கு அவர் கொடுக்கும் விலை என்ன? இவ்விரு வினாக்களையே இம்மாதம் அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

போதை என்றதும் நம்மவர் மனத்தில் தோன்றுவது மதுவே. மது அருந்தியவன் தள்ளாடுகிறான், உளறுகிறான், வீதியில் விழுகிறான். ஊரார் அனைவரும் அவனைக் காண்கிறார்கள். ஆனால் மனிதனை வீழ்த்தாமல் நிமிர்த்தி நிறுத்தும் போதையும் உண்டு. அது உறக்கத்தை விரட்டுகிறது, பசியை அடக்குகிறது, களைப்பை மறைக்கிறது. அதை உட்கொண்டவன் விழுவதில்லை; மற்றவர்களைவிட அதிகமாக வேலை செய்கிறான். ஆகையால் அவனை எவரும் கண்டிப்பதில்லை. சுறுசுறுப்பானவன் என்று பாராட்டவும் செய்கிறார்கள். ஊக்கப் போதையின் முதல் அபாயம் இதுவே: அது உழைப்பின் வேடத்தில் வந்து சேர்கிறது.

இவ்வகைப் பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமன்று. தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபின் என்பதும் ஊக்கப் பொருளே. அளவோடு அருந்தும் தேநீரை நாம் பழிக்க வரவில்லை. அடுத்த படியில் நிற்பது புகையிலை. அதிலுள்ள நிகோடின் சில விநாடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் மூளையை எட்டி, நாடித் துடிப்பைக் கூட்டி, விழிப்புத் தருவதுபோல் காட்டுகிறது. பாக்கிலும் அரெக்கோலின் என்னும் ஊக்கப் பொருள் இருக்கிறது. இவற்றிற்கு மேலே, மிகக் கொடிய படியில் நிற்பது மெத்தாம்பெட்டமைன் என்னும் செயற்கை மருந்து. கண்ணாடித் துண்டுகளைப் போன்ற படிகமாகவும் மாத்திரையாகவும் அது கள்ளத்தனமாக விற்கப்படுகிறது. தமிழ்நாட்டில் அது பிடிபடும் செய்திகள் நாளேடுகளில் அடிக்கடி வருகின்றன.

மத்திய அரசுக்காகப் புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 0.18 சதவீதத்தினர் ஆம்பெட்டமைன் வகை ஊக்க மருந்துகளைப் பயன்படுத்தியதாக மதிப்பிட்டது. சிறிய எண்ணிக்கை என்று சிலர் ஆறுதல் கொள்ளலாம். புகையிலையின் கணக்கோ வேறு. 2016-17-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, வயது வந்த இந்தியர்களில் 28.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர், 21.4 சதவீதத்தினர் மென்று அல்லது வாயில் அடக்கிப் பயன்படுத்தினர். நம் பட்டறைகளில் உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே அடக்கிவைக்கப்படும் புகையிலைத் தூளை அறியாதவர் உண்டா? தறியின் அருகே பீடி புகைத்தால் பஞ்சில் நெருப்புப் பிடிக்கும். ஆகவே மெல்லும் புகையிலை அங்கே எளிதாக இடம் பிடித்துக்கொண்டது. மஞ்சள் வேகவைக்கும் அடுப்பின் முன்னும், கரும்பு வெட்டும் கூட்டத்திலும், இராமுறைத் தண்ணீர் பாய்ச்சும் வரப்பிலும் இதே பொட்டலம்தான் கைமாறுகிறது. எனவே நெசவாளர் பிரச்சினை இது, விவசாயிகளுக்குத் தொடர்பில்லை என்று எவரும் ஒதுங்கவேண்டாம்.

இம்மருந்துகள் உடலில் என்ன செய்கின்றன? ஊக்கப் போதை புதிய சக்தி எதையும் தருவதில்லை. உடல் தன் அவசரத் தேவைக்கென்று சேமித்து வைத்திருக்கும் டோபமைன், நார்அட்ரினலின் முதலிய சுரப்புகளை ஒரே வேளையில் வாரி இறைக்கச் செய்கிறது. நம் தொழில் மொழியில் சொன்னால், அது வருமானம் அன்று, கடன். நாளைய சக்தியை இன்றே எடுத்துச் செலவிடுகிறோம். மருந்தின் வேகம் தணிந்ததும் அந்தக் கடன் வசூலுக்கு வருகிறது: எழ முடியாத சோர்வு, சோகம், எரிச்சல், உயிரையே வெறுக்கும் எண்ணம். அதைத் தாங்கமாட்டாமல் மறுபடியும் மருந்தை நாடுகிறான். முதல் நாள் போதுமாயிருந்த அளவு மறுமாதம் போதுவதில்லை. வட்டி கட்டவே கடன் வாங்கும் நிலை எப்படிப்பட்டது என்பதை நம் அங்கத்தினர்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

மெத்தாம்பெட்டமைன் உட்கொண்டவனுக்கு இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இளவயதிலேயே மாரடைப்பும் மூளையில் இரத்தக்கசிவும் நேரலாம். உடலின் வெப்பம் கூடுகிறது. கோடையில் தகரக் கூரையின் கீழ் ஓடும் பட்டறையில் இது உயிருக்கே உலை வைக்கும். பசி இல்லாமையால் உடல் மெலிகிறது, பற்கள் சிதைகின்றன. பல இரவுகள் உறங்காத மூளை, இல்லாத குரல்களைக் கேட்கிறது. மனைவியையும் மக்களையும் சந்தேகிக்கிறது. தொழிலுக்கும் இது உதவுவதில்லை. உறக்கத்தை எத்தனை நாள் விரட்டினாலும், ஒரு கணம் கண் தானே மூடிக்கொள்ளும். ஓடும் தறியில் அந்த ஒரு கணம் போதும், விரல் போவதற்கு. நாடா தெறித்துக் கண்ணில் பாய்வதற்கு.

புகையிலையின் கேடு மெல்ல வருவது, ஆனால் உறுதியானது. பாக்கும் புகையிலையும் சேர்ந்து வாயின் உட்புறத் தசையை நாரைப்போல் இறுகச் செய்கின்றன. நாளடைவில் ஒரு கவளம் சோறு வைக்கவும் வாய் திறப்பதில்லை. வாய்ப் புற்றுநோய்க்கு அது வாயிற்படி. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. குட்கா, புகையிலை கலந்த பான்மசாலா ஆகியவற்றிற்குத் தமிழ்நாடு அரசு 2013 முதல் தடையாணைகள் பிறப்பித்து வந்திருக்கிறது. இருந்தும் பொட்டலம் கிடைக்காத தெரு எது?

உழைப்பைக் கூட்டுவதற்காக ஊக்க மருந்தை நாடிய நாடுகள் பட்ட பாட்டைச் சரித்திரம் கூறுகிறது. மெத்தாம்பெட்டமைனை 1893-ஆம் ஆண்டில் முதன்முதல் ஆக்கியவர் நாகாய் நாகயோஷி என்னும் ஜப்பானிய விஞ்ஞானி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 'பிலோபோன்' என்ற பெயரில் அது அங்கே விற்கப்பட்டது. போர்வீரருக்கும், ஆயுதத் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்தோருக்கும் அது கொடுக்கப்பட்டது. போர் முடிந்ததும் எஞ்சிய மருந்து கடைவீதிக்கு வந்தது. வறுமையில் உழன்ற இளைஞர்கள் அதற்கு அடிமையாயினர். 1951-இல் ஜப்பான் தனிச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. 1954-ஆம் ஆண்டில் மட்டும் அச்சட்டத்தின்கீழ்க் கைதானோர் 55,000-க்கு மேற்பட்டவர். தாய்லாந்தில் இரவெல்லாம் லாரி ஓட்டியவர்களும் கூலியாட்களும் இதே மருந்தை 'குதிரை மருந்து' என்று பொருள்படும் பெயரால் அழைத்து உண்டனர். குதிரையைப்போல் உழைக்கலாம் என்பது நம்பிக்கை. 1996-இல் அந்நாட்டு அரசு அதன் பெயரைப் 'பைத்திய மருந்து' என்று பொருள்படும்படி மாற்றியது. தொடங்கும் இடம் குதிரை, முடியும் இடம் பைத்தியம் என்பதை அந்தப் பெயர் மாற்றம் ஒன்றே நமக்கு உணர்த்திவிடுகிறது.

தூர தேசத்துக் கதைகள் இருக்கட்டும். நாம் நேரில் கண்ட ஒன்றைக் கூறுகிறோம். ஒரு சங்கத்தின் கடன் பேரேட்டை ஆய்வு செய்தபோது, பல ஆண்டுகளாகத் தவணை தவறாத அங்கத்தினர் ஒருவர் பெயரில் திடீரென்று பாக்கி ஏறியிருக்கக் கண்டோம். முறைப்படி அறிவிப்பு அனுப்பச் சொன்னோம். பதில் இல்லை. காரியதரிசியுடன் அவர் வீட்டுக்குச் சென்றோம். அவர் மனைவி வாசலில் நின்று மெல்லிய குரலில் சொன்னார்: "இராத்திரியும் தூங்கறதில்லைங்க, பகல்லயும் தூங்கறதில்லைங்க. சன்னலுக்கு அந்தப் பக்கம் ஆரோ நின்னு பேசறாங்கன்னு சொல்றாருங்க. ஆருமே இல்லீங்க."

விசாரித்தபோது விவரம் தெரிந்தது. மகளின் திருமணத்திற்கு வெளியில் வாங்கிய கடனுக்கு வாரத் தவணை கட்டவேண்டும். அதற்காக ஒரு ஷிப்டு முடிந்ததும் மறு ஷிப்டும் தொடர்ந்து நின்றார். உடன் வேலை செய்தவன் ஒருவன், தூக்கம் வராமலிருக்க என்று ஏதோ ஒன்றைக் கொடுத்தான். அதன் பெயர்கூட அந்த வீட்டாருக்குத் தெரியாது. முதல் மாதத்தில் கூலி கூடிற்று. வாரத் தவணை ஒழுங்காகச் சென்றது. நான்காம் மாதத்தில் தறி போயிற்று; வேலை போயிற்று; நம் சங்கத்துக் கடனும் நின்றது. நாம் பேரேட்டில் எழுதியது 'தவணை தவறிய கடன்' என்ற இரண்டு மூன்று சொற்களே. அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருந்த மனிதரை நான்கு மாதம் நாம் பார்க்கவில்லை. இதை எழுதுகையில் நமக்கு வெட்கமாகவே இருக்கிறது. எண்களைச் சரிபார்ப்பதோடு ஆய்வாளரின் கடமை முடிந்துவிடுகிறதா?

ஆகவே, ஒழுக்கக் குறைவினால்தான் மனிதன் இப்போதைக்கு இரையாகிறான் என்னும் கூற்றை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. வேடிக்கைக்காகத் தொடங்கும் இளைஞர்கள் உண்டு. அவர்களைக் கண்டித்துத் திருத்தவேண்டும். ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலும் கடனும் நீண்ட இரவுமே கதவைத் திறந்துவிடுகின்றன. 2025 ஜூலையில், இந்தப் பள்ளிபாளையம் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் தொல்லையால் தம் சிறுநீரகத்தையே விற்ற செய்தி நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு ஆகஸ்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்பு விசாரணைக் குழுவை அமைத்தது. அடகு வைக்க நகையும் நிலமும் இல்லாதவன் உடம்பை வைக்கிறான். ஒருவன் உறுப்பை விற்கிறான். மற்றொருவன் உறக்கத்தை விற்கிறான். முன்னதைக் கேட்டு நாடு பதறியது. பின்னதைக் கேட்டு எவர் பதறுகிறார்?

வேலை நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், வயது வந்த தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வரம்பு வகுத்தது. ஆயினும் மின்விசையுடன் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு பட்டறைகள் பொதுவாக அதன் எல்லைக்கு வெளியிலேயே நின்றன. நம் ஊர்ப் பட்டறைகள் எத்தகையவை என்பதை அங்கத்தினர்களே அறிவர். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பட்டறைக்காரரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அவரும் நூல் விலைக்கும் மின்கட்டணத்துக்கும் நடுவே நசுங்குகிறார். ஆனாலும், உறங்காத தொழிலாளி நெய்த துணியில் பழுது மிகுதி என்பதையும், விபத்து நேர்ந்தால் இழப்பு இருவருக்கும் என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

"சங்கத்தின் வேலை கடன் கொடுப்பதும் சரக்கு விற்பதுமே, குடும்பத்தாரின் பழக்க வழக்கங்களில் அது ஏன் தலையிடவேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட உழைப்பாளிகள் 28 பேர் தொடங்கிய சங்கத்தையே உலகக் கூட்டுறவு இயக்கத்தின் தாய் என்று போற்றுகிறோம். கடை திறப்பதும் வீடு கட்டுவதும் நிலம் வாங்குவதும் அவர்கள் எழுதிவைத்த நோக்கங்கள். அவற்றோடு, மது இல்லாத விடுதி ஒன்றை அமைத்து நிதானத்தை வளர்ப்பதும் ஒரு நோக்கமாக எழுதப்பட்டிருந்தது. ஆகவே, போதையொழிப்பு நம் இயக்கத்திற்குப் புறம்பானதன்று. பிறக்கும்போதே உடன் பிறந்தது.

நம் மண்ணுக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. 1925-இல் ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, கதரையும் மதுவிலக்கையும் ஒருங்கே வளர்த்தார். மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. கல்கி அதில் பணியாற்றினார். சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு அமலுக்கு வந்ததும், அன்று பள்ளிபாளையத்தையும் உள்ளடக்கியிருந்த சேலம் ஜில்லாவில்தான். நாள் 1937 அக்டோபர் 1. பிற்காலத்தில் அச்சட்டம் எத்தனையோ மாறுதல்களை அடைந்தது. சட்டத்தால் மட்டும் எதுவும் நிலைக்காது என்பதற்கும் அது சான்று. ஆனால் நூற்பும் நெசவும் நிதானமும் ஒரே பணியின் பகுதிகள் என்று அன்று கண்ட உண்மை இன்றும் பொய்க்கவில்லை.

இனிச் செய்யவேண்டியது என்ன? நமக்குத் தோன்றுவனவற்றைப் பணிவுடன் கூறுகிறோம்.

முதலாவது, சங்கத்தின் பண்டகசாலையிலும், சங்கக் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கும் கடைகளிலும் புகையிலைப் பொட்டலம் விற்பதில்லை என்று பொதுக்குழு தீர்மானம் செய்யவேண்டும். அதனால் சில நூறு ரூபாய் லாபம் குறையலாம். குறையட்டும்.

இரண்டாவது, தவணை தவறிய அங்கத்தினருக்கு அறிவிப்பு அனுப்புமுன் நிர்வாகக் குழுவினர் ஒருவர் அவர் வீட்டுக்குச் சென்று வரவேண்டும். சம்பள முன்பணத்துக்கும் வாரத் தவணைக்காரருக்கும் கட்டுப்பட்டு இரட்டை ஷிப்டு நிற்பவரைக் கண்டறிந்து, சங்க விதிகள் இடம் தரும் அளவுக்கு அவசரக் கடன் தந்து, அவ்வெளிக் கடனை அடைக்க வழி செய்யவேண்டும். இரவு உறக்கத்தைத் திருப்பித் தரும் கடனைவிட நல்ல கடன் வேறு ஏது?

மூன்றாவது, பட்டறை உரிமையாளரான அங்கத்தினர்கள், ஒரே ஆள் இரு ஷிப்டு தொடர்ந்து நிற்பதை அனுமதிப்பதில்லை என்று தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளவேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் ஆட்கள் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவர். எல்லோரும் சேர்ந்து செய்தால் எவருக்கும் நஷ்டமில்லை. இதுவன்றோ கூட்டுறவு? நள்ளிரவில் அரை மணி ஓய்வும், குடிக்கத் தண்ணீரும், காற்றோட்டமும் இருந்தால் பொட்டலத்தின் தேவை பாதி குறையும்.

நான்காவது, அகப்பட்டுக்கொண்டவரை ஒதுக்கக்கூடாது. மெத்தாம்பெட்டமைன் பழக்கத்தை ஒரே ஊசியில் போக்கும் மருந்து இன்னும் வரவில்லை. மனநல ஆலோசனையும், குடும்பத்தின் துணையும், போதையின்றிக் கழித்த ஒவ்வொரு நாளுக்கும் சிறு பரிசு தந்து ஊக்குவிக்கும் முறையுமே பலன் தருவனவாகக் கண்டறியப்பட்டுள்ளன. தினம் ஒரு நாணயமாகச் சிக்கனச் சேமிப்பைக் கட்டி எழுப்பத் தெரிந்த நமக்கு, தினம் ஒரு நாளாக ஒரு மனிதனைக் கட்டி எழுப்பத் தெரியாதா? போலீசுக்கு அஞ்சி மருத்துவரிடம் செல்லாதவர் பலர். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடைச் சட்டம், விற்பவனுக்கு நீண்ட சிறைத் தண்டனை விதிக்கிறது. அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் முழுமையாகச் சிகிச்சை பெறும் அடிமைப்பட்டவருக்கு, உட்கொண்ட குற்றத்துக்கும் சிறிதளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. இதை ஒவ்வொரு சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும் எழுதிவைக்கவேண்டும். அத்துடன் போதை மீட்பு ஆலோசனைக்கான 14446, மனநல ஆலோசனைக்கான 14416, புகையிலையை விடுவதற்கான 1800-112-356 ஆகிய கட்டணமில்லாத் தொலைபேசி எண்களையும் எழுதுக.

இன்னும் ஓர் எச்சரிக்கை. ஊக்கப் போதையால் உறக்கத்தை இழந்தவர்கள், உறங்குவதற்காக வலி நிவாரண மாத்திரைகளையும் மதுவையும் நாடுகிறார்கள். ஒன்று இதயத்தை விரட்டுகிறது. மற்றொன்று மூச்சை அடக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிசெய்துவிடும் என்பது உயிரைக் குடிக்கும் மூடநம்பிக்கை. வலிமிகுந்த நோயாளிக்கென உள்ள மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கொடுமையும் தமிழ்நாட்டு இளைஞரிடையே தலைகாட்டியிருக்கிறது. வீட்டில் வளரும் பிள்ளைகளின்மேல் பெற்றோர் கண் இருக்கட்டும். சந்தேகக் கண்ணைக் காட்டிலும் அன்புக் கண் அதிகம் காணும்.

முன்பு நாம் குறிப்பிட்ட அங்கத்தினர் சில மாதச் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பினார். இப்போது பகல் ஷிப்டு மட்டும் பார்க்கிறார். கூலி முன்னைவிடக் குறைவுதான். சங்கம் அவருடைய தவணைக் காலத்தை நீட்டித்துக் கொடுத்தது. அண்மையில் பேரேட்டைப் புரட்டியபோது அவர் பெயரின் எதிரே மூன்று தவணைகள் வரவாகியிருந்தன. தொகை சிறியது. நம் உத்தியோக காலத்தில் அதைக் காட்டிலும் மகிழ்ச்சியுடன் நாம் கையொப்பமிட்ட வரவு வேறில்லை.

தறி ஓடட்டும், ஊருக்குச் சோறு போடுவது அதுதான். ஆனால் தறிக்கு எண்ணெய் இட்டு ஓய்வு கொடுக்கத் தெரிந்த நாம், அதை ஓட்டும் மனிதனுக்கு அவனுடைய உறக்கத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டாமா? அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இவ்விஷயத்தை எழுப்பி விவாதித்து, மேலே கூறியவற்றில் ஒன்றையேனும் தீர்மானமாக நிறைவேற்றுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.